நினைவுப் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்

ஐந்தே வாரத்தில் பிள்ளைக்குக் கவனம் கூடிவிடும் என்கிற விளம்பரத்தைப் பார்த்தால், கூடியதாகச் சொன்னது யார் என்று கேளுங்கள்.

ஏடிஹெச்டி (கவனக் குறைவும் மிகை இயக்கமும் உள்ள நிலை) குழந்தைகளிடம் அதிகம் சோதிக்கப்பட்ட கணினிப் பயிற்சி, ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் டோர்கெல் கிளிங்பெர்க் குழு உருவாக்கிய காக்மெட். திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாக ஒளிரும். அதே வரிசையில் தொட வேண்டும். 4-7-2 என்று காதில் விழுந்தால் 2-7-4 என்று திருப்பித் தர வேண்டும். சரியாகச் செய்தால் வரிசை நீளும், தவறினால் குறுகும். தினம் அரை மணிக்குக் குறையாமல், வாரம் 5 நாள், 5 வாரம்.

2005-இல் வெளியான அவர்களது ஆய்வில் பெற்றோர் மாற்றம் கண்டார்கள், ஆசிரியர்கள் காணவில்லை. விஷயமே இங்கேதான் இருக்கிறது. பிள்ளை பயிற்சி செய்வது பெற்றோருக்குத் தெரியும். பணமும் நேரமும் போட்டவர் கண்ணுக்கு முன்னேற்றம் தெரியாமல் இருக்குமா? 2015-இல் இதுபோன்ற பயிற்சிகள் பற்றிய 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே கதை: பிள்ளை பயிற்சி செய்தது தெரியாதவர்கள் மதிப்பிட்டவற்றில் பலன் மிகவும் சுருங்கிவிட்டது. எண் வரிசையை நினைவில் வைப்பது மட்டும் நிஜமாகவே தேறியது. அந்தத் திறமை, கணக்கு நோட்டைப் பையில் வைக்க மறப்பதைச் சரிசெய்வதில்லை.

2020-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த எண்டெவர்ஆர்எக்ஸ் என்ற வீடியோ விளையாட்டும் அப்படித்தான். 348 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், கணினிக் கவனத் தேர்வில் மதிப்பெண் ஏறியது. பெற்றோர் சொன்ன முன்னேற்றமோ, ஒப்பீட்டுக்காகச் சொற்களைக் கொண்ட சாதாரணக் கணினி விளையாட்டு ஆடிய குழுவிலும் அதே அளவு இருந்தது!

ஆக, இத்தகைய கணினிப் பயிற்சி மருந்துக்கோ பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சிக்கோ மாற்று இல்லை. 6 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் பயிற்சிதான் முதலில். இதை நம்பி மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய தவறு.

மற்றதெல்லாம் சரியாக நடக்கும்போது கூடுதலாகச் செய்து பார்க்கலாம். பள்ளி விட்டு வந்து, சாப்பிட்டு, கொஞ்சம் ஓடியாடிய பிறகு உட்கார வையுங்கள். தூங்கப் போகும் நேரத்தில் வேண்டாம். அடுத்த கட்டம் கடினமாகும்போது பிள்ளை எரிச்சல்படும், அதனால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆனால் விடையை எடுத்துக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் நிலை பொய்யாக ஏறி, மறுநாள் அழுகையில் முடியும்.

தொடங்கும் முன் வகுப்பாசிரியரிடம் வாண்டர்பில்ட் படிவத்தை (ஏடிஹெச்டி அறிகுறிகளை மதிப்பிடும் கேள்வித்தாள்) நிரப்பி வாங்குங்கள். பயிற்சி பற்றி அவரிடம் மூச்சு விடாதீர்கள். முடிந்ததும் அதே படிவத்தை அவரிடமே மறுபடி கொடுங்கள்.