2024இல் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட ஆல்பங்கள்

முதலிடம் 'வுட்லேண்ட்'டுக்குத்தான், யோசிக்கவே வேண்டியதில்லை. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர்களான கில்லியன் வெல்ச்சும் டேவிட் ராலிங்ஸும் ஆகஸ்டில் வெளியிட்டது. நாஷ்வில்லில் அவர்களுடைய ஒலிப்பதிவுக்கூடத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். 2020 மார்ச்சில் அடித்த சூறாவளி அதன் கூரையைப் பிய்த்துப் போட்டது. கொட்டும் மழையில், இருட்டில், தங்கள் பழைய ஒலிநாடாக்களை இருவரும் தூக்கிக் காப்பாற்றினார்கள். அந்த இடத்தைச் சரிசெய்து, அங்கேயே பதிவுசெய்த பாட்டுகள் இவை. ராலிங்ஸ் வழக்கமாக வாசிப்பது 1935இல் செய்த எபிஃபோன் கிட்டார். சின்ன உடம்பு, கணீரென்ற சத்தம். அந்தத் தந்திகளுக்கு அடியில் இரண்டு குரல்களும் ஒட்டிக்கொண்டு நகரும்போது எது யாருடையது என்றே பிரிக்க முடியாது. ஹெட்போனில் கேளுங்கள், தயவுசெய்து.

சோல் என்கிற கறுப்பின அமெரிக்க இசைப் பக்கம் பிரிட்டனி ஹோவர்டின் 'வாட் நவ்'. பாட்டுக்குப் பாட்டு நடுவில் ஸ்படிகக் கிண்ணங்களின் ரீங்காரம் வரும். அடுத்த நொடி டிரம்ஸ் வெடிக்கும். என்ன குரல் அது!

பாடகி வாக்ஸஹாட்சியின் 'டைகர்ஸ் பிளட்' பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியத்துக்காகவே பிடிக்கும். நவம்பரில் வந்த மைக்கேல் கிவனுகாவின் 'ஸ்மால் சேஞ்சஸ்', இரவு வேலை முடிந்து சிங்கப்பூரின் தெம்பனிஸுக்குத் திரும்பும் பேருந்துக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது.

இளையராஜா மட்டும் போதும் என்கிற நண்பர்களே, கிட்டாரை ரசிக்கத் தெரிந்த உங்களுக்கு இதுவும் பிடிக்கும். 'வுட்லேண்ட்' இசைத்தட்டு என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்து கேட்போம்.