லேப்டாப் இல்லாமல் ப்ராக்டிகலுக்குத் தயாரானேன்: எந்த இசைப் பெட்டியை வாங்கலாம்?

மியூசிக் ப்ரொடக்‌ஷன் டிப்ளமாவில் சேர்ந்தபோது என்னிடம் இருந்தது எட்டு வருடப் பழைய லேப்டாப். மூன்றாவது ட்ராக்கைச் சேர்த்தாலே அதன் ஃபேன் மிக்ஸி மாதிரி கத்தும். கடைசி செமஸ்டர் தொடங்கும்போது அதுவும் படுத்துவிட்டது. "மதர்போர்டு போச்சு தம்பி, இதை மாத்துற காசுக்கு வேறதே வாங்கிடலாம்" என்றார் கடைக்காரர். தேர்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. கேட்டிருந்தது இரண்டு விஷயம்: ஸ்டெம்களோடு (ஒவ்வொரு ஒலியும் தனித்தனி ஃபைலாக) மூன்று பாட்டுகள், அதில் ஒன்று ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவில், அப்புறம் பரிசோதகர்கள் முன்னால் பத்து நிமிடம் நேரடியாக வாசித்துக் காட்டுவது.

லேபில் கம்ப்யூட்டர் உண்டு. என் பங்குக்கு வாரம் இரண்டு மணி நேரம். மற்றபடி எனக்கென்று இருந்த நேரம் செங்கல்பட்டு–எழும்பூர் மின்ரயிலில்தான், போக வர தினமும் மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தில் மடியில் வைத்து வேலை செய்ய, கம்ப்யூட்டர் இல்லாமலே ஒலிகளை அடுக்கிப் பாட்டாக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன்.

தேட ஆரம்பித்ததும் எல்லோரும் செய்யும் தப்பையே நானும் செய்தேன். எத்தனை ட்ராக், எத்தனை எஃபெக்ட், எத்தனை சவுண்ட் என்று நோட்டில் கட்டம் போட்டு ஒப்பிட்டேன். இரண்டு வாரம் வீண். அந்தக் கட்டத்தில் ஒரு கேள்வி விட்டுப்போயிருந்தது: இதற்குக் கரண்ட் எங்கிருந்து?

"ஸ்டாண்ட்அலோன்" என்றால் கம்ப்யூட்டர் வேண்டாம் என்றுதான் அர்த்தம், ப்ளக் வேண்டாம் என்று அர்த்தமில்லை. அகாய் எம்பிசி ஒன் அருமையான கருவி, ஆனால் 19 வோல்ட் அடாப்டர் கேட்கும். எலெக்ட்ரான் டிஜிடாக்ட்டுக்கு 12 வோல்ட். இரண்டுக்கும் உள்ளே பேட்டரி கிடையாது, சாதாரண பவர் பேங்க்கை நேராகச் சொருகவும் முடியாது. எம்பிசி லைவ் 2-இல் பேட்டரியும் உண்டு, ஸ்பீக்கரும் உண்டு. ஆனால் மூன்று கிலோவுக்கு மேல் கனம், விலையும் என் எல்லைக்கு வெளியே. ரோலண்ட் எஸ்பி-404 எம்கே2 ஆறு பென்சில் பேட்டரியில் ஓடும், யுஎஸ்பி-சி வழியாகவும் ஓடும். டீனேஜ் எஞ்சினியரிங்கின் ஈபி-133க்கு நான்கு சின்ன பென்சில் போதும். நோவேஷன் சர்க்யூட் ட்ராக்ஸில் சார்ஜ் ஏறும் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. இந்த ஒரு கேள்வியிலேயே என் பட்டியல் பாதியாகிவிட்டது.

அடுத்தது, சத்தம் எப்படி உள்ளே போகும்? எனக்கு வேண்டியது எங்கள் தெரு பறையும், தாம்பரம் ஸ்டேஷன் இரைச்சலும், என் தங்கை பாடும் இரண்டு வரியும். சர்க்யூட் ட்ராக்ஸில் இரண்டு சிந்த் (ஒலியைத் தானே உருவாக்கும் பகுதி), நான்கு ட்ரம் ட்ராக். கையில் எடுத்த ஐந்தாவது நிமிடமே ஏதோ ஒரு பீட் ஓடும். ஆனால் சாம்பிளை, அதாவது வெளியிலிருந்து எடுக்கும் ஒலித் துண்டை, அதிலேயே பதிவு செய்ய முடியாது. நம் சொந்த ஒலியை ஏற்றக் கம்ப்யூட்டர் வேண்டும். அதே குடும்பத்தின் சர்க்யூட் ரிதம் நேரடியாகவே சாம்பிள் எடுக்கும். இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், மாற்றி வாங்கினால் கஷ்டம். ஈபி-133இல் மைக்கே உள்ளே இருக்கிறது. எஸ்பி-404 எம்கே2-இல் முன்பக்கம் மைக்கோ கிட்டாரோ சொருக ஒரு ஜாக் உண்டு.

மெமரியைப் பார்த்து நிறையப் பேர் பயப்படுகிறார்கள். 1988இல் ரோஜர் லின் வடிவமைப்பில் வந்த அகாயின் முதல் எம்பிசியில், எம்பிசி60-இல், கூடுதல் மெமரி போடாவிட்டால் மொத்தம் 13 விநாடி ஒலிக்குத்தான் இடம் இருந்தது. கால்குலேட்டர் மாதிரி இருக்கும் பாக்கெட் ஆபரேட்டர் பிஓ-33இல் 40 விநாடி. ட்ரம் அடி ஒன்று அரை விநாடிதான் என்றால் அதிலேயே ஒரு முழுப் பாட்டு அடங்கும். நீளமான பாடலைத் துண்டு போடாமல் அப்படியே ஏற்றுகிற பழக்கம் இருந்தால்தான் மெமரி பிரச்சினை. எனக்கு அந்தப் பழக்கம் இருந்தது. இடம் இல்லாததால்தான் அது போனது.

மூன்றாவது கேள்வியை நான் கேட்கவே இல்லை, அதனால் பட்டேன். செய்த பாட்டு எப்படி வெளியே வரும்? என் தேர்வுக்கு ஸ்டெம் வேண்டும், அதாவது கிக் தனி, பறை தனி, குரல் தனி. எம்பிசி வகைகளில் ட்ராக் ட்ராக்காகப் பிரித்து ஃபைலாக எடுக்கும் வசதி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. இடது வலது என்று ஒரே ஸ்டீரியோ வெளியீடு உள்ள பெட்டிகளில் வழி நீளம்: ஒரு ட்ராக்கைத் தவிர மற்றதை ம்யூட் செய்து, பாட்டை முழுதாக ஓடவிட்டு, லேபில் ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் கருவி) வழியாகப் பதிய வேண்டும். ஆறு ட்ராக் என்றால் ஆறு முறை. முதல் பாட்டை இப்படி எடுத்துக் கம்ப்யூட்டரில் அடுக்கினால் ஒன்றுக்கொன்று முன்னே பின்னே நிற்கிறது. என்னுடைய இரண்டு மணி நேரமும் இழுத்து இழுத்து ஒட்டுவதிலேயே கழிந்தது. அடுத்த வாரம் லேப் அண்ணன் ஒரு யோசனை சொன்னார்: "ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்துல ஒரு பார், அதாவது நாலு எண்ணிக்கை, விட்டு, அதோட முதல் அடியில ஒரே ஒரு க்ளிக் வை. அந்தக் க்ளிக்கை வச்சு நேராக்கு, அப்புறம் வெட்டிடு." சினிமாவில் க்ளாப் அடிப்பது போலத்தான். இரண்டாவது பாட்டு நாற்பது நிமிடத்தில் முடிந்தது.

மிஸ்ர சாபுவுக்கு வருகிறேன், ஏனென்றால் வெளிநாட்டு வீடியோக்களில் இதைச் சொல்லமாட்டார்கள். பெரும்பாலான பெட்டிகள் ஒரு பாரை 16 ஸ்டெப்பாக, அதாவது 16 கட்டமாகப் பிரித்து, நாலு நாலாக எண்ணும். ஆதி தாளத்துக்குக் கவலையில்லை, எட்டு அட்சரம் (எண்ணிக்கை) இரண்டு பாரில் உட்கார்ந்துவிடும். ஏழுக்கு இரண்டு வழி. பேட்டர்ன் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) நீளத்தைக் குறைக்க முடிகிற பெட்டியில் 14 ஸ்டெப்போடு நிறுத்திவிடலாம், அட்சரத்துக்கு இரண்டு ஸ்டெப். சர்க்யூட்டிலும் டிஜிடாக்ட்டிலும் ட்ராக்குக்கு ட்ராக் வேறு நீளமே வைக்கலாம். ஒன்று 14, இன்னொன்று 16 என்று ஓடவிட்டால் 112 ஸ்டெப் கழித்துத்தான் இரண்டும் ஒன்றாகச் சமத்தில், முதல் அடியில், வந்து விழும். கணக்குப் பிடித்தவர்களுக்கு அது விருந்து. இன்னொரு வழி, பார் கணக்கில் பேட்டர்ன் வைக்கும் பெட்டிகளுக்கு: நீளத்தை 7 பார் என்று வையுங்கள். ஏழு நாலு 28, அதில் மிஸ்ர சாபு நாலு ஆவர்த்தனம் (சுற்று) சரியாக முடியும். ஐந்து எண்ணிக்கைக் கண்ட சாபுவுக்கு 5 பார். பெட்டியின் மெட்ரனோம் மட்டும் நாலு நாலாகவே அடித்து மண்டையைக் குழப்பும், அதை அணைத்துவிட்டு முதலில் ஒரு தாளத் தட்டைப் பதிந்துகொள்ளுங்கள். ஸ்விங் என்று ஒரு திருகு இருக்கும். 50 என்றால் நேர் நடை, 66 பக்கம் போனால் திஸ்ரத்தின், அதாவது மூன்றாகப் பிரியும் நடையின், சாயல் வந்துவிடும்.

நான் கடைசியில் வாங்கியது எஸ்பி-404 எம்கே2, செகண்ட் ஹேண்ட். ஏறக்குறைய ஒரு கிலோ. திரை சின்னது, பாதி வேலை ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு செய்ய வேண்டும், முதல் மூன்று வாரம் அழுகைதான் வந்தது. நான்காவது வாரம் கை தானாகப் போனது. அதன் உயிரே ரீசாம்பிளிங்: ஓடுகிறதை எஃபெக்டோடு சேர்த்து இன்னொரு பேடில் (விரலால் தட்டும் பட்டனில்) பதிந்து, அதையே மறுபடி வெட்டி வாசிக்கலாம். ஆனால் பதிந்த எக்கோவைப் பிறகு பிரித்தெடுக்க முடியாது. எஃபெக்ட் இல்லாத அசலை வேறு பேங்க்கில் (பேடுகளின் இன்னொரு தொகுப்பில்) வைக்காமல் நான் ஒரு குரல் ட்ராக்கை இழந்தேன். தங்கையை மறுபடி பாடவைக்க ஒரு பிரியாணி செலவு.

பழையது வாங்குகிறவர்கள் ஹெட்போனோடு போங்கள். ஒவ்வொரு பேடையும் மெதுவாக, பலமாகத் தட்டுங்கள். ஒரு தட்டுக்கு இரண்டு சத்தம் வந்தால் வேண்டாம். ஹெட்போன் ஜாக்கை லேசாக அசையுங்கள், ஒரு காது போய்ப் போய் வந்தால் விலையைக் குறையுங்கள். பேட்டரி மூடியைத் திறந்து பச்சைப் பூசணம் பிடித்திருக்கிறதா பாருங்கள். நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து வினிகர் தொட்டுச் சுரண்டினேன்.

காசு இப்போது இல்லை, இந்த வேலை ஒத்துவருமா என்றும் தெரியவில்லை என்றால் போனில் கோவாலா சாம்பிளர் என்று ஒரு ஆப் இருக்கிறது, குறைந்த விலைதான். ஒரு மாதம் அதில் வெட்டி ஒட்டிப் பாருங்கள். சில ஆண்ட்ராய்டு போன்களில் தட்டியதற்கும் சத்தத்துக்கும் இடையே சின்னத் தாமதம் இருக்கும். அது எரிச்சலூட்டினால் உங்களுக்குப் பெட்டி தேவை என்று தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பே கை நீட்டிக் கூப்பிடுகிறது என்றாலும் அப்படியே.

தேர்வு நாளுக்கு: புது பென்சில் பேட்டரி ஒரு செட் போட்டு, இன்னொரு செட் பையில். ப்ராஜெக்ட்டை எஸ்டி கார்டில் ஒரு நகல். பெரிய ஜாக் வயர் இரண்டு, உங்களுடையதே. அங்கே இருக்கும் வயரை நம்ப வேண்டாம். எனக்கு முன்னால் வாசித்த பையனின் அடாப்டர் மேடைவரை எட்டவில்லை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேடி இருபது நிமிடம் போனது. அந்த இருபது நிமிடமும் நான் வராந்தா படியில் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்து, மிஸ்ர சாபு முடிவை இன்னும் நாலு தடவை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.