சாலையில் அடிபட்ட நாய்: காப்பகம் வந்து தெருவுக்குத் திரும்பும் வரை

எங்கள் விலங்குக் காப்பகத்தில் போன் எடுத்ததும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி: "நாய் சேலம் போகிற பக்கத்தில் கிடக்கிறதா, பெங்களூரு போகிற பக்கத்திலா?" தர்மபுரி, கிருஷ்ணகிரி வழியாக ஓடும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பக்கம் தெரியாமல் வண்டியைக் கிளப்பினால் அடுத்த யூ டர்ன் வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கும். "டோல்கேட் தாண்டி ஒரு தாபா பக்கம்" என்று சொன்னால் ராத்திரியில் ஒன்றும் புரியாது. சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணைச் சொல்லுங்கள், அல்லது வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்புங்கள். அனுப்பிவிட்டு வண்டி வரும் வரை அங்கேயே நில்லுங்கள். அடிபட்ட நாய் விழுந்த இடத்திலேயே கிடக்காது. வலியில் ஊர்ந்து ஊர்ந்து நடுத்திட்டு அரளிச் செடிக்குள்ளோ சிறுபாலத்துக்கு அடியிலோ போய்ப் புகுந்துகொள்ளும். சொன்னவர் போய்விட்டால் பல நேரம் வெறுங்கையோடு திரும்புகிறோம். 1962 கால்நடை ஆம்புலன்ஸையும் அழைத்துப் பார்க்கலாம். ஆனால் அது முதன்மையாக ஆடு மாடுகளுக்காக ஓடுவது, அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் வலியில் கடிக்கும். துப்பட்டாவோ ஒரு மீட்டர் காஸ் துணியோ (காயத்துக்குக் கட்டும் வலைத்துணி) போதும். மூக்கின் மேல் ஒரு சுற்று, முடிச்சு மேலே. இரண்டு நுனியையும் தாடைக்கு அடியில் குறுக்கே கொண்டுபோய், காதுக்குப் பின்னால் பிடரியில் கட்டுங்கள். வாந்தி எடுத்தாலோ, வாயால் மூச்சு வாங்கினாலோ, தாடை உடைந்திருந்தாலோ கட்டவே கூடாது. தலைக்கு மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினால் போதும். அக்குளில் கைவிட்டுத் தூக்குவதுதான் பெரும்பாலானவர்கள் செய்வது. முதுகெலும்பு நகர்ந்திருந்தால் அந்தத் தூக்கலே தண்டுவடத்துக்கு மேலும் கேடு செய்யும். கோணிச் சாக்கைப் பக்கத்தில் விரித்து, தோளையும் இடுப்பையும் ஒரே நேரத்தில் இழுத்து அதன் மேல் நகர்த்துங்கள். பிறகு இருவர் நான்கு முனையைப் பிடித்துத் தூக்கலாம். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் எதுவும் வேண்டாம். பூனைக்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கும்.

காப்பகத்துக்கு வந்ததும் பார்ப்பது காயத்தை அல்ல, ஈறை. விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்திருந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று எடுத்துக்கொள்வோம். நாட்டு நாய்களில் பலவற்றுக்கு ஈறு கறுப்பு. அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உட்பக்கம் பார்க்க வேண்டும். அடுத்தது பின்னங்கால் விரலை இடுக்கியால் நன்றாக அழுத்துவது. கால் இழுத்துக்கொண்டால் உடனே மகிழ்ச்சி அடைபவர்கள் உண்டு, ஆனால் அது தண்டுவடத்தின் அனிச்சைச் செயல் மட்டும்தான். நாய் தலையைத் திருப்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா என்பதுதான் கணக்கு. வலி மூளைக்கு எட்டினால் நடக்க வாய்ப்பு இருக்கிறது. இரண்டு நாள் கழித்தும் எட்டவில்லை என்றால் வாய்ப்பு மிகவும் குறைவு, இதை அழைத்து வந்தவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

இடுப்பெலும்பு உடைந்த நாய்கள்தான் அதிகம் வரும். எக்ஸ்ரேயைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. மலம் போகும் வழி நெருங்காமலும், மூட்டுக்குழி உடையாமலும் இருந்தால் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் சிறு கூண்டில் அடைத்து வைத்தாலே கூடிவிடும். அந்த அடைப்பில்தான் எல்லோரும் தோற்பது. மூன்றாம் வாரம் நாய் எழுந்து நடக்கத் தொடங்கும், பாவம் என்று திறந்துவிடுவார்கள், கூடிய எலும்பு மறுபடி விலகும். தொடையெலும்பு முறிவு வேறு கதை. பிளேட் வைக்க நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, ஓசூர்க்காரர்கள் பெங்களூருக்கோ போக வேண்டும். முதுகு அடிபட்ட நாய்க்குச் சிறுநீர் தானாக வராது. பின்வயிற்றை இருபுறமும் மெதுவாக அழுத்தி ஒரு நாளுக்கு மூன்று நான்கு முறை எடுத்துவிட வேண்டும். தேங்கினால் கிருமி ஏறும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்பில் படுக்கைப்புண் வரும்.

அறுவைக்கு முன் ரத்தத் தட்டணு எண்ணிக்கை பார்ப்பதை நாங்கள் விடுவதில்லை. தெருநாய்களில் உண்ணிக் காய்ச்சல் சகஜம். தட்டணு குறைந்த நாயை மேசையில் ஏற்றினால் ரத்தம் நிற்காது. அந்தக் காய்ச்சலுக்கான டாக்ஸிசைக்ளின் மருந்தை 28 நாள் தொடர வேண்டும், வெறும் வயிற்றில் கொடுத்தால் கக்கிவிடும், சோற்றில் கலந்து கொடுக்கிறோம்.

புழு வைத்த புண் மழைக்காலத்திலும், மாம்பழச் சீசனிலும் அதிகம். பச்சைப் புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு பொரிந்துவிடும். புண்ணைச் சுற்றி முடியை மழித்து, டர்பன்டைன் நனைத்த காஸ் துணியை உள்ளே செருகி, கால் மணி நேரம் காத்திருக்கிறோம். மூச்சு முட்டி, புழுக்கள் வால்முனை மேலாக வெளியே எட்டிப் பார்க்கும். இடுக்கியால் ஒன்றொன்றாக எடுத்து, குழியின் அடி வரை கணக்குப் பார்க்க வேண்டும். காது, ஆசனவாய்ப் பக்கத்துப் புண்களில் சுரங்கம் போல் உள்ளே ஓடியிருக்கும். பிறகு சலைனால் கழுவி, புழுவுக்கான நெகாசன்ட் பொடியைத் தூவுகிறோம். மறுநாள் மறுபடி. டர்பன்டைனை ஊற்றக் கூடாது, தோல் வெந்துபோகும்; பூனைக்கு அறவே கூடாது. மண்ணெண்ணெயும் ஃபினாயிலும் ஊற்றிக் கொண்டுவரப்படும் நாய்களுக்குப் புழுவைவிட அந்த வேதனையே பெரிது.

"எலும்பு மாட்டிக்கிச்சு, வாயைத் திறந்துபார்த்தோம்" என்று ஒரு அழைப்பு வந்தால் நாங்கள் பதறுவோம். தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் நிற்கும் நாய் வெறிநோயின் அமைதி வகையாக இருக்கலாம். குரைத்துத் துரத்தும் நாய்தான் வெறிநாய் என்று நம்மூரில் நினைக்கிறார்கள். கையுறை இல்லாமல் தொட்டிருந்தால், எச்சில் கீறலில் பட்டிருந்தால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலுக்குள் போடும் ஊசி 0, 3, 7, 28 நாட்களில். கடியில் தோல் கிழிந்திருந்தாலோ, எச்சில் கீறலில் பட்டிருந்தாலோ, உடனடிப் பாதுகாப்புக்கான இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும். கடித்த நாய் 10 நாள் நலமாக இருந்தால் கடித்த நேரத்தில் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். ஆனால் அது தெரியும் வரை ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. எங்கள் ஆட்கள் முன்கூட்டியே மூன்று ஊசி போட்டவர்கள்தான்.

வாசலில் அட்டைப்பெட்டியில் விட்டுப்போகும் குட்டிகள் எங்களுக்குப் பெரிய தலைவலி. குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தக் கழிச்சலும் தரும் பார்வோ கிருமியோடு ஒரு குட்டி வந்தால் வார்டே காலி. ஃபினாயில் அந்தக் கிருமியைக் கொல்லாது. மலம், வாந்தியை முதலில் கழுவி, ப்ளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, தரை 10 நிமிடம் ஈரமாக இருக்க விட வேண்டும். மண் தரையில் கிருமி மாதக்கணக்கில் தங்கும், ஆகவே குட்டி வார்டுக்குச் சிமெண்டுத் தரை, தனிச் செருப்பு.

குணமான நாய்க்குக் கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி, காதில் 'வி' வடிவ வெட்டு, பிறகு பிடித்த தெருவிலேயே விடுவது. 2023 விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. அறுவைக்குப் பின் குறைந்தது நான்கு நாள் வைத்திருக்க வேண்டும். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்த நாயை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று உத்தரவிட்டது, அதனால் பிடித்த இடத்தைப் பதிவேட்டில் சரியாக எழுதுகிறோம். "தேன்கனிக்கோட்டைக் காட்டுல விட்டுடுங்க" என்று சிலர் கேட்பார்கள். அந்தப் பக்கத்துக் காட்டில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் 2022-ல் அறிவிக்கப்பட்டது; அந்த எல்லைக்குள் நாயை விட்டால் மானைத் துரத்தும், நோயைப் பரப்பும், கடைசியில் சிறுத்தைக்கு இரையாகும்.

விடுவதற்கு முன் அந்தத் தெருவில் சோறு வைப்பவர் யார் என்று கேட்டுக்கொள்கிறோம். காலையில், வெயில் ஏறும் முன், அவர் முன்னிலையில் கூண்டைத் திறக்க வேண்டும். அடுத்த மூன்று நாளும் தையல் போட்ட இடத்தை அவர் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். லேசான சிவப்பு பரவாயில்லை. வீக்கம் எலுமிச்சைக்கு மேல் போனாலோ, தண்ணீர் போல் ஒழுகினாலோ அதே நாளில் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறோம்.