பனியில் முறிந்த வாள்

பெர்செர்க் என்ற ஜப்பானியப் படக்கதை பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் நேராக, படைத்தலைவன் கிரிபித் தன் படையையே பலி கொடுக்கிற கிரகணத்துக்குத்தான் ஓடுவார்கள். என்னைக் கேட்டால் கதை திரும்புவது அங்கே இல்லை. அதற்கு ஒரு வருடம் முன்னே, படையை விட்டுப் போகக் கிளம்பிய தன் வீரன் கட்ஸை பனி மூடிய மேட்டில் கிரிபித் வாளை உருவி மறிக்கிறானே, அங்கேதான். அன்றைக்குத் தோற்ற வெறியில்தான் அவன் இளவரசி சார்லட்டின் அறைக்குப் போகிறான், பிடிபடுகிறான், ஒரு வருடம் நிலவறையில் கிடந்து சிதைகிறான். கிரகணம் இதெல்லாம் சேர்ந்து விளைந்த விளைச்சல்.

போன வாரம் வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். வெளியே விடாத மழை, காலி வீதிப் பக்கம் போகவே வழியில்லை, சரி என்று நானும் தம்பியும் அந்தச் சண்டையை மூன்று வடிவத்திலும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தோம்.

1997இல் வந்த அனிமே தொடரில் அது 19ஆவது எபிசோட். படம் பெரிதாக அசைவதே இல்லை, ஆனால் அந்த அசையாமைதான் நெஞ்சைப் பிடிக்கிறது. படைத் தோழர்களான காஸ்கா, ஜூடோ, கோர்கஸ் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரே வீச்சு. கிரிபித்தின் வாளை முறித்துக்கொண்டு வந்த அந்தப் பெரிய வாள் அவன் தோளருகே அப்படியே நின்றுவிடுகிறது. பிறகு கிரிபித் பனியில் மண்டியிடுகிறான். தோல்வி என்றால் என்னவென்றே தெரியாத ஒருவனின் முகம் அது, எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

மூன்று அனிமே திரைப்படங்களில் 2012இல் வந்த இரண்டாவது படத்தில் அதே சண்டை இன்னும் அழகாக, வேகமாக நடக்கிறது. ஆனால் மனதில் ஒட்டவில்லை. காரணம் சண்டையில் இல்லை. டோல்ட்ரே போருக்கு முன்னே ஓர் இரவு, கீழே முகாமில் எரிகிற தீக்களைக் காட்டி, ஒவ்வொருவனும் தன் சின்னத் தீயைக் கொண்டுவந்து கிரிபித்தின் பெருந்தீயில் சேர்க்கிறான் என்று கட்ஸ் காஸ்காவிடம் சொல்வான். அந்தக் காட்சியைப் படத்தில் விட்டுவிட்டார்கள். அது இல்லாமல் கட்ஸ் ஏன் போகிறான் என்பது அறிவுக்குத்தான் புரியும், வலிக்காது.

2022இல் அதே படங்களை 13 எபிசோட் தொடராக்கியபோது அந்தத் தீக் காட்சியைப் புதிதாக வரைந்து சேர்த்தார்கள். அப்புறம் பார்த்தால் அதே பனி, அதே வீச்சு, ஆனால் இந்த முறை கனக்கிறது! இந்தக் கதையைப் படைத்த மியுரா 2021இல் போய்விட்டார், அவர் இதைப் பார்க்கவில்லையே என்று எனக்கு உண்மையாகவே கவலை.

“அண்ணா, போகாதே என்று கிரிபித் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கட்ஸ் நின்றிருப்பானா?” என்றான் தம்பி.

நின்றிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். கேட்கத் தெரியாமல்தானே அவன் வாளை உருவினான்.

தம்பி ஒன்றும் சொல்லாமல் 1997ஐ மறுபடி முதலிலிருந்து போட்டான்.