மேஜைக்கு அந்தப் பக்கம்

படத்தில் ஆடிஷன் காட்சி வந்தால் எல்லோரும் நடிக்க வந்தவரைத்தான் பார்ப்பார்கள். என் கண் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களிடம் போய்விடும். தொழில் புத்தி. உதவி இயக்குநராக இருந்த காலத்தில் எனக்கு வாய்த்த பெரிய பொறுப்பு கியூ கொடுப்பது. அதாவது, ஆடிஷனுக்கு வருகிறவருக்கு எதிர் வசனம் படிப்பது.

சாலிகிராமத்தில் ஒரு அபார்ட்மெண்ட் ஹால். பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு துணி, ஸ்டாண்டில் செல்போன், ரிங் லைட். வருகிறவர் பெயர், வயது, உயரம், ஊர் சொல்ல வேண்டும், இடது பக்கம் வலது பக்கம் திரும்பிக் காட்ட வேண்டும். அப்புறம் சீன் பேப்பர். எங்கள் சீனில் மகன் பைக்கை விற்றுவிட்டு வந்து அப்பா முன்னால் நிற்பான். அப்பா நான். "வண்டி எங்கடா?" என்று ஒரு பெண் குரல், ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற தொனியில் கேட்கும். அதற்கு அவன் உடைந்து அழ வேண்டும். நான் ஏன் கொஞ்சம் நடித்துப் படிக்கவில்லை என்று கேட்கலாம். ஒருத்தருக்கு நன்றாகப் படித்துவிட்டு அடுத்தவருக்குக் களைப்பில் சொதப்பினால் அது அநியாயம். எல்லோருக்கும் ஒரே மாதிரி மொட்டையாகப் படித்துவிடுவதுதான் நியாயம்.

அந்த வேலையில் பார்த்ததில் ஒன்று மட்டும் சொல்கிறேன். கதாநாயகனின் நண்பன் பாத்திரத்துக்கு ஒரு பையன் வந்தான். நான் கேட்ட அந்தக் கட்டைக் குரலுக்கே அவனுக்கு மூக்கு சிவந்து, காது மடல் வரை ஏறிவிட்டது. வசனத்தை முழுங்கி, பாதியில் நிறுத்தி, பேப்பரில் இல்லாத ஒரு சின்னச் சிரிப்பு சிரித்தான். ஹாலில் எல்லோரும் வாயடைத்துப் போனோம். எடுக்கவில்லை. ஹீரோவைவிட அவன் ஒரு சாண் உயரம். இருவரையும் ஒரே ஃபிரேமில் நிற்க வைக்க முடியாது. அவனிடம் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். உயரம்தான் காரணம் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

இதைத் தெரிந்துகொண்டு ஆடிஷன் படங்களைப் பார்ப்பது வேறு மாதிரி இருக்கிறது. பல படங்களில் ஒரே பொய்தான். திறமைசாலி வாயைத் திறக்கிறான், மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்து உட்காருகிறார், வாழ்க்கை மாறிவிடுகிறது. நிமிர்ந்து உட்கார்வது நிஜம்தான், நானே உட்கார்ந்திருக்கிறேன். வாழ்க்கை மாறுகிற இடம்தான் அங்கே இல்லை.

'லா லா லேண்ட்' (2016) பாதி உண்மையும் பாதி ஆசையுமான படம். வாய்ப்புத் தேடுகிற மியா, ஒரு ஆடிஷனில் ஃபோனில் பேசுகிற மாதிரி நடித்துக்கொண்டே கண் கலங்குகிறாள், அந்த நொடியில் கதவைத் திறந்து ஒருவர் குறுக்கே வருகிறார், தேர்வு செய்கிற அம்மாவின் கவனம் அந்தப் பக்கம் போய்விடுகிறது. சத்தியமாக நடக்கும். எங்கள் ஹாலில் ஒருவர் தேம்பிக்கொண்டிருக்கும்போது பிரியாணி பார்சல் வந்து காலிங் பெல் அடித்திருக்கிறது. ஆனால் அதே படத்தின் கடைசியில், ஸ்கிரிப்டே இல்லை, நடிக்கிற பெண்ணை வைத்துத்தான் பாத்திரத்தையே உருவாக்கப் போகிறோம், பாரிஸில் படப்பிடிப்பு என்று ஒரு ஆடிஷன் வருகிறது பாருங்கள், அது அப்பட்டமான ஆசை. பாட்டு நன்றாக இருப்பதால் மன்னித்துவிடலாம்.

டேவிட் லின்ச்சின் 'மல்ஹாலண்ட் டிரைவ்' (2001) எனக்கு முழுசாகப் புரிந்தது என்று சொன்னால் பொய். ஆனால் அதில் வருகிற இரண்டு ஆடிஷன்களும் நன்றாகப் புரிந்தன. பெட்டி என்கிற புதுமுக நடிகை வீட்டில் தோழியோடு ஒத்திகை பார்க்கும்போது அது மட்டமான வசனம். கோபமாகக் கத்தி நடித்துவிட்டு இருவரும் சிரிக்கிறார்கள். மறுபடி ஸ்டூடியோவில், தோல் வெயிலில் கறுத்த ஒரு வயதான நடிகரோடு அதே வசனம். இந்தத் தடவை கத்தவில்லை. அவர் காதோரம் போய், மூச்சுக் காற்றில் பேசுகிறாள். வசனத்தில் ஓர் எழுத்து மாறவில்லை, காட்சியே வேறாகிவிட்டது. பெட்டியாக நடித்த நயோமி வாட்ஸ் அப்போது பல வருஷங்களாக ஹாலிவுட்டில் அலைந்து சலித்திருந்தவர். அந்தச் சலிப்பெல்லாம் அங்கே வேலை செய்கிறது. அறையில் இருக்கும் எல்லோரும் உருகுகிறார்கள். இயக்குநர் மட்டும் என்ன சொல்கிறார் என்று அவருக்கே தெரியாத ஒரு கருத்தை உதிர்க்கிறார். அந்த ஆளை நான் நேரில் பார்த்திருக்கிறேன், வேறு வேறு பெயர்களில்.

சரி, இவ்வளவு நடித்தவளுக்கு என்ன கிடைக்கிறது? அங்கிருந்து அவளை இன்னொரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போகிறார்கள். அங்கே வேறொரு இயக்குநர், வரிசையாகப் பெண்கள் வந்து பழைய பாட்டுக்கு வாயசைக்கிறார்கள். யாரை எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஏற்கெனவே மேலிடத்து உத்தரவு. ஒரு பெண் வந்ததும் "இவள்தான்" என்று சொல்ல வேண்டும், சொல்கிறார். அவருக்கும் பெட்டிக்கும் கண் ஒரு முறை சந்திக்கிறது, அவ்வளவுதான். மேஜைக்குப் பின்னால் இன்னொரு மேஜை இருக்கிறது, அங்கே உட்கார்ந்திருப்பவர் ஆடிஷனுக்கே வருவதில்லை. இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறு படத்தை நான் பார்க்கவில்லை. இந்தப் படமே முதலில் அமெரிக்காவின் ஏபிசி டிவிக்கான பைலட்டாக, அதாவது ஒரு தொடரின் மாதிரி எபிசோடாக எடுக்கப்பட்டு, சேனல்காரர்களால் வேண்டாமென்று ஒதுக்கப்பட்டது. பிரெஞ்சுப் பணத்தில்தான் சினிமாவாகி, கான் திரைப்பட விழாவில் லின்ச்சுக்குச் சிறந்த இயக்குநர் விருதும் வாங்கியது.

என்னை உண்மையிலேயே உலுக்கியது ஈரான் படம். மோசென் மக்மல்பாஃபின் 'சலாம் சினிமா' (1995). சினிமாவுக்கு நூறு வயது ஆவதை ஒட்டி ஒரு படம் எடுக்கிறேன், நடிக்க ஆட்கள் தேவை என்று அவர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். ஐயாயிரம் பேர் திரண்டுவிட்டார்கள். வாசலில் நெரிசல், தள்ளுமுள்ளு. வந்தவர்களை ஆடிஷன் செய்ததையே படமாக்கினார். மக்மல்பாஃப் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, எண்ணி முடிப்பதற்குள் அழச் சொல்கிறார். சிரி என்கிறார். 'டுமீல்' என்றால் சுருண்டு விழச் சொல்கிறார். பார்வையில்லாதவர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வருகிறார், பேசப் பேச அதுவே நடிப்பு என்று தெரிய வருகிறது. ஒரு பெண் வந்ததற்குக் காரணம் நடிப்பு ஆசை இல்லை. படம் வெளிநாட்டு விழாவுக்குப் போனால் விசா கிடைக்கும், அங்கே இருக்கிற காதலனைப் பார்க்கலாம்.

இரண்டு பெண்கள் மட்டும் லேசில் விடுவதாக இல்லை. நினைத்தவுடன் அழ வராது என்கிறார்கள். நீங்கள் கலைஞராக இருக்க விரும்புகிறீர்களா, நல்ல மனுஷியாக இருக்க விரும்புகிறீர்களா என்று இவர் மடக்குகிறார். வாதம் நீண்டுகொண்டே போகிறது. பார்க்கிற நமக்கே அந்த மனிதர் மேல் எரிச்சல் வருகிறது. அப்போது அவர் எழுந்துகொண்டு, அந்தப் பெண்களையே தன் இடத்தில் உட்காரச் சொல்கிறார். இனி வருகிறவர்களை நீங்களே தேர்வு செய்யுங்கள்.

கொஞ்ச நேரம்தான். அவர்களும் 'அழு' என்கிறார்கள், 'சிரி' என்கிறார்கள். சற்று முன் தங்களை நோகடித்த அதே கேள்வியை அதே குரலில் அடுத்தவரிடம் கேட்கிறார்கள். இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். நாற்காலிக்கு அப்படி ஒரு குணம் இருப்பது எனக்குத் தெரியும். ஆடிஷன் தொடங்கிய புதிதில் வருகிறவர்களுக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்வேன், தண்ணீர் பாட்டில் கொடுப்பேன். போகப் போக, அடுத்த ஆளின் பெயரைப் பேப்பரைப் பார்த்தபடியே கூப்பிடப் பழகிவிட்டேன். என்னை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

இதற்கு 44 வருஷம் முன்பே இத்தாலியில் விஸ்கோன்டி 'பெல்லிசிமா' (1951) எடுத்துவிட்டார். படத்தில் நடிக்க ஒரு சிறுமி தேவை என்று ரேடியோவில் அறிவிக்கிறார்கள், ரோமில் இருக்கும் சினெசிட்டா ஸ்டூடியோவில் அம்மாக்கள் கூட்டம் அலைமோதுகிறது. வீடு வீடாகப் போய் ஊசி போட்டுப் பிழைக்கிற மத்தலேனாவாக அன்னா மன்யானி. பொண்ணுக்கு நடனம், நடிப்புப் பயிற்சி, புது கவுன் என்று இருக்கிற காசெல்லாம் போகிறது. எனக்கு ஆளைத் தெரியும், முடித்துத் தருகிறேன் என்று ஒருவன் 50,000 லிரா வாங்கிக்கொண்டு, அதில் தனக்கு லாம்பிரெட்டா ஸ்கூட்டர் வாங்கிக்கொள்கிறான். வடபழனியில் இன்றைக்கும் அப்படிப்பட்ட கோ-ஆர்டினேட்டர்கள் இருக்கிறார்கள். வண்டி மாடல்தான் மாறியிருக்கிறது.

ஒரு கட்டத்தில் அம்மாவும் பெண்ணும் புரொஜெக்டர் அறையில் ஒளிந்து நின்று டெஸ்ட்டைப் பார்க்கிறார்கள். திரையில் குழந்தை அழுகிறது, கீழே உட்கார்ந்திருக்கும் சினிமாக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மன்யானியின் முகம் அப்போது போகிற போக்கை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெம்பில்லை. அப்புறம் ஒப்பந்தமே வீடு தேடி வருகிறது, அவள் வேண்டாமென்று சொல்லிவிடுகிறாள். படத்தில் இயக்குநராக வருபவர் அலெசாண்ட்ரோ பிளாசெட்டி, நிஜ இயக்குநர், தன் சொந்தப் பெயரிலேயே நடித்திருக்கிறார். அவர் திரையில் வரும்போதெல்லாம் விஸ்கோன்டி ஒரு இசையை ஒலிக்க விட்டார். அது டோனிசெட்டியின் ஆபராவில் ஊரை ஏமாற்றும் போலி மருந்து வியாபாரிக்கான இசை. விஷயம் தெரிந்து பிளாசெட்டிக்கு வருத்தம். அம்மாக்கள் தலையில் ஆசையை ஏற்றுகிற நாம் எல்லோருமே அந்த வியாபாரிகள்தானே என்பது விஸ்கோன்டியின் சமாதானம்.

நம்ம ஊரில் இந்தச் சிரிப்பை 'ஜிகர்தண்டா' (2014) திருப்பிப் போட்டது. மதுரை ரவுடி அசால்ட் சேது தன்னைப் பற்றிய படத்தில் தானே ஹீரோ. இயக்குநர் உயிர் பயத்தில் இருக்கிறார், நடிகர் கையில் துப்பாக்கி. குரு சோமசுந்தரம் வந்து அந்த ரவுடிக் கும்பலுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுக்கிற பகுதி, சென்னை நாடகக் குழுவான கூத்துப்பட்டறை மாதிரி இடங்களில் பயிற்சி எடுத்தவர்களைக் கேட்டால் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைப்பார்கள் (சோமசுந்தரமே அங்கிருந்து வந்தவர்தான்). கடைசியில் தியேட்டரில் கூட்டம் சிரிக்கும்போதுதான் சேதுவுக்குத் தன்னை எதற்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று உறைக்கிறது. பாபி சிம்ஹாவுக்கு இதற்குத் தேசிய விருது கிடைத்தது. 1964-இல் வந்த 'சர்வர் சுந்தரம்' வேறு ரகம். டி.எம்.எஸ். பாட எம்.எஸ்.வி. இசைக்குழுவை நடத்துவதைக் காட்டியே ஸ்டூடியோவைச் சுற்றிக் காட்டிவிடுகிறது. ஆனால் சுந்தரத்துக்கு வாய்ப்புக் கிடைப்பது அதில் பெரிய சிக்கலே இல்லை, கிடைத்த பிறகுதான் எல்லாம்.

தமிழில் வாய்ப்புத் தேடுகிற படம் என்றால் பெரும்பாலும் ஆண்தான், அதிலும் பாதி உதவி இயக்குநர்கள். அலைகிற பெண்ணை யாரும் கதையின் நடுவில் வைப்பதில்லை. இந்தியில் சோயா அக்தரின் 'லக் பை சான்ஸ்' (2009) வைத்தது. தயாரிப்பாளர் ஒருவரின் வாக்கை நம்பி சோனா வருஷக்கணக்கில் காத்திருக்கிறாள், படம் தொடங்கும்போது புதுமுகம்தான் வேண்டும் என்கிறார். அவளோடு சுற்றுகிற விக்ரமோ கதாநாயகியின் அம்மாவுக்கு ஐஸ் வைத்து மேலே போய்விடுகிறான். கொங்கனா சென் சர்மா சோனாவாக ஒரு காட்சியில்கூடப் பரிதாபம் கேட்கவில்லை. கடைசியில் டிவி நடிகையாகித் தன் சம்பாத்தியத்தில் வாழ்கிறாள். எனக்குத் தெரிந்த பெண்களில் ஓரளவு நன்றாக இருப்பவர்கள் எல்லோருமே இந்த முடிவுக்கு வந்தவர்கள்தான்.

இப்போது பாதி இடங்களில் மேஜையும் இல்லை, ஹாலும் இல்லை. செல்ஃப் டேப், அதாவது தானே நடித்து எடுத்த வீடியோவை வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். கியூ கொடுப்பது தங்கை, அறைத் தோழி, யார் கையில் சிக்கினாலும் அவர்கள். பின்னால் குக்கர் விசில் கேட்கும். இன்னும் அந்த வேலையில் இருக்கிற சிநேகிதி ஒருத்தி சொன்னது: ஒரு பெண் அனுப்பிய டேப்பில் மாமியார் வசனத்தை அவள் பாட்டி படித்திருக்கிறார். முகம் தெரியவில்லை, குரல் மட்டும். "எம் புள்ள வர்றதுக்குள்ள நீ கிளம்பிடு" என்பதை வெற்றிலை மென்றபடி, நிதானமாக. அலுவலகத்தில் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டார்களாம். இயக்குநர் பாட்டியின் நம்பர் வாங்கிப் பேசினார். சாயங்காலம் சீரியல் ஓடுகிற நேரத்துக்கு ஷூட்டிங் இருந்தால் வர முடியாது என்று சொல்லிவிட்டாராம் பாட்டி.