காந்தமானியுடன் உசிலம்பட்டியில் ஆறு நாட்கள்

எம்.எஸ்சி. நிலவியல் இறுதியாண்டு ஆய்வுக்காக உசிலம்பட்டிக்குத் தெற்கே, சோளம் அறுத்துவிட்ட ஒரு மானாவாரி நிலத்தில் காந்த அளவீடு செய்தேன். மண்ணுக்கடியில் சார்னோக்கைட் என்ற கடினப் பாறையின் பட்டை எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதில் மேக்னடைட் என்ற காந்தத்தன்மையுள்ள இரும்புத் தாதுத் துகள்கள் இருப்பதால் பக்கத்து நைஸ் பாறையிலிருந்து பிரித்தறிய முடியும்.

கையிலிருந்தது புரோட்டான் காந்தமானி. கம்பின் உச்சியில் ஓர் உருளை. உள்ளே மண்ணெண்ணெய், சுற்றிலும் கம்பிச்சுருள். சுருளில் மின்சாரம் பாய்ந்து நின்றதும், எண்ணெயிலுள்ள ஹைட்ரஜனின் புரோட்டான்கள் பூமியின் காந்தப்புலத்தைச் சுற்றிப் பம்பரமாய்த் தலையாட்டும். அந்த வேகத்தை வைத்துக் கருவி எண்ணைக் காட்டும். எங்கள் பக்கம் பூமியின் புலம் 40,000 நானோடெஸ்லாவுக்கு (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) மேல். நான் தேடிய வித்தியாசமோ நூற்றுச் சொச்சம்தான்.

அதனால் பெல்ட், சாவி, கைப்பேசி எல்லாம் வரப்பிலேயே தங்கின. நிலத்துக்காரர் பக்கத்தில் வந்து நின்றதும் எண் தாவியது. "ஐயா, இடுப்பு அரிவாளை அங்கே வைத்துவிட்டு வாருங்கள்" என்றேன். வைத்துவிட்டு வந்து, "இப்போது பார் தாயி" என்று தானே சோதித்தார். வரவிருந்த மின்சார டிராமுக்கு அஞ்சி, 1904-இல் பம்பாய் கொலாபா ஆய்வகத்தின் காந்தப் பதிவுகளையே அலிபாக்குக்கு மாற்றினார்கள் என்று அவரிடம் சொன்னேன். அன்று முதல் வயல் பக்கம் வருகிறவர்களை அவரே நிறுத்தி விசாரித்தார்.

இரண்டு நாள் பத்து மீட்டருக்கு ஓர் அளவாக எடுத்தேன். கோடு அழகாக ஏறியது. மூன்றாம் நாள் என் வழிகாட்டி, முதல் முளைக்குச்சியில் திரும்ப அளக்கச் சொன்னார். காலை ஏழு மணிக்கும் பதினொன்றுக்கும் இடையே அதே குச்சியில் 58 நானோடெஸ்லா கூடியிருந்தது. பாறை நகரவில்லை, மாறியது வானம். பகலில் சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், காந்த நடுக்கோட்டை (பூமியின் புலம் தரைக்கு இணையாகப் படுக்கும் கோடு) ஒட்டிக் கிழக்கு நோக்கி வலுவான மின்னோட்டம் பாய்கிறது. அந்தக் கோடு திருநெல்வேலி வட்டாரத்தை ஒட்டிச் செல்வதால் மதுரைப் பக்கமும் அந்த மின்னோட்டத்தின் காந்த விளைவு தெரிகிறது. இரண்டு நாள் அளவுகளையும் அடித்துவிட்டேன்.

இன்னொரு கருவியை இரவல் வாங்கிப் புளியமரத்தடியில் நிறுத்தினோம். தோழி நிமிடத்துக்கொரு முறை குறித்தாள். அவளுடைய ஏற்ற இறக்கத்தை என் எண்களிலிருந்து கழித்தேன். இந்தப் பக்கத்தில் அளக்கப்போகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்யுங்கள்.

வரைந்து பார்த்தால், மேடு வர வேண்டிய இடத்தில் பள்ளம்! ஒரு மாலை முழுக்கக் கலங்கினேன். பட்டைக்கு மேலே மேடு காட்டும் பாடநூல் படங்கள் வடதுருவத்தை நெருங்கிய நாடுகளுக்கு வரைந்தவை. இங்கே பூமியின் புலம் கிட்டத்தட்டத் தரையோடு படுத்து வடக்கு நோக்கிக் கிடக்கிறது. கிழக்கு மேற்காக ஓடும் பட்டையும் அதே திசையில் காந்தமாகிறது. ஆனால் பட்டையின் தலைக்கு மேலே அதன் புலம் தெற்கு நோக்கித் திரும்பிப் பூமியின் புலத்தைக் குறைக்கிறது. பள்ளம்தான் பட்டை.

அந்தப் பள்ளத்தின் நேர்கோட்டில், மேற்கு ஓரமாக ஒரு தூர்ந்த கிணறு இருந்தது. கயிறு கட்டி இறங்கிச் சுவரில் கல்லைத் தட்டியெடுத்தேன். உடைந்த முகத்தில் நீலச்சாம்பல் நிறம், எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு. நூலில் தொங்கிய சிறு காந்தத்தை அருகில் கொண்டுபோனதும் அது மெல்லத் திரும்பிக் கல்லோடு ஒட்டியது.