வாளையாறு தாண்டி வந்த பிறகு: மனநல உதவிக்கு எந்தக் கதவைத் தட்டுவது

கடல் தாண்டியவர்களைத்தான் புலம்பெயர்ந்தவர்கள் என்று எழுதுகிறோம். தமிழ்நாட்டிலிருந்து வாளையாறு செக்போஸ்ட் தாண்டி, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளுக்கு வந்தவர்கள், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வேலைக்கு வந்து அப்படியே வீடு பிடித்துத் தங்கிவிட்டவர்கள் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. காய்ச்சல், வயிற்றுவலி என்றால் எந்த ஊரிலும் விரலைக் காட்டிச் சொல்லிவிடலாம். தூக்கம் போய்விட்டது, குடியை நிறுத்த முடியவில்லை, வீட்டில் தினமும் சண்டை என்றால் எந்த கவுண்டரில் போய், எந்த மொழியில் சொல்வது? இரண்டு மாநிலத்திலும் இலவச உதவி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுவதுதான் எல்லைக்காரர்களின் பிரச்சினை.

முதலில் போன். 14416 என்பது டெலி மானஸ் என்ற மனநல உதவி எண்; மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது, 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் எடுப்பார்கள். மொழியைத் தேர்வு செய்யச் சொல்லும்போது தமிழை அழுத்துங்கள். பலர் தமிழ்நாட்டு சிம்மையே வைத்திருப்பதால் இணைப்பு தமிழ்நாட்டு மையத்துக்குப் போகக்கூடும். பேச்சுக்கு அது நல்லதுதான். ஆனால் அங்கிருப்பவருக்குப் பாலக்காட்டுச் சித்தூர் தாலூக்கா ஆஸ்பத்திரியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆகவே இப்போது எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். கேரளத்துக்குள் எங்கே போவது என்று மட்டும் தெரிய வேண்டுமானால் கேரள சுகாதாரத் துறையின் 'திஷா' எண் 1056 போதும். உயிருக்கு ஆபத்து என்றால் இதெல்லாம் வேண்டாம், நேரே 112.

நேரில் போவதற்குப் பாலக்காடு மாவட்ட ஆஸ்பத்திரி வரை ஓட வேண்டியதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு மாதத்தில் குறிப்பிட்ட நாட்களில் தாலூக்கா ஆஸ்பத்திரிகளுக்கும் சமூக சுகாதார மையங்களுக்கும் வரும். மாத்திரையும் அங்கேயே இலவசம். எந்தக் கிழமை என்பது வார்டின் ஆஷா சேச்சிக்கு, அதாவது வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளருக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் விவரம் சொல்லத் தயக்கமாக இருந்தால், "சேச்சி, மனசு டாக்டர் என்னைக்கு வருவார்?" என்று கேட்டால் போதும், யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. ஆதாரில் பொள்ளாச்சி முகவரி இருப்பதால் ஓபி சீட்டு கிடைக்காது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது தேவையில்லாத பயம்.

அறைக்குள் போனதும் மொழி. பாலக்காட்டு டாக்டர்களில் பலருக்குத் தமிழ் புரியும். சிக்கல் நம் பக்கம்தான்: கடைகண்ணிக்குப் போதுமான மலையாளத்தை வைத்துக்கொண்டு கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். "டாக்டர், மலையாளம் கேட்டால் புரியும், மனசில் இருப்பதைச் சொல்ல வராது. தமிழில் சொல்லட்டுமா?" என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். மனநலச் சிகிச்சை பற்றிய தகவலை நோயாளிக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது; நீங்கள் கேட்பது சலுகை அல்ல. இங்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை மட்டும் மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். அம்மா சாக நினைத்ததைப் பத்து வயதுப் பையன் மலையாளத்தில் சொல்லும்படி ஆகிவிடும். கணவனும் மாமியாரும்கூட இதற்கு ஏற்றவர்கள் அல்ல. சொல்ல வேண்டியதே அவர்களைப் பற்றியதாக இருக்கலாம். போவதற்கு முன் ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது தொடங்கியது, எத்தனை மணி நேரம் தூக்கம், சாப்பாடு, எடை, ஏற்கெனவே சாப்பிட்ட மாத்திரையின் பெயர்.

யாரிடம் போகிறோம் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். சைக்யாட்ரிஸ்ட் எம்பிபிஎஸ் முடித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர், மாத்திரை எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத மாட்டார். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் வைத்திருப்பார், கேட்டால் காட்டத்தான் வேண்டும். வெறும் 'கவுன்சலர்' என்று போர்டு மாட்டியிருப்பவர் எதையும் படித்திருக்கலாம், எதையும் படிக்காமலும் இருக்கலாம். ஒரே சந்திப்பில் சரிசெய்து தருவேன் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பேச்சு வழிச் சிகிச்சை என்பது ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரமாக, பெரும்பாலும் எட்டுப் பத்து சந்திப்புகளாவது நடப்பது.

இனி குடி. எல்லையில் மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் அதிகம் அலைகிறார்கள். கேரளத்தில் ஒன்றாம் தேதி சாராயக்கடை மூடியிருந்தால் கோபாலபுரம் தாண்டி டாஸ்மாக். அந்தப் பக்கம் மூடினால் இந்தப் பக்கம். சித்தூர்க் கள்ளுக்குத் தனிப் பெயரே உண்டு. "கள்ளுதானே குடிக்கிறார்" என்பார்கள். 5 சதம் என்று குறைத்து வைத்தாலும் ஒரு லிட்டர் கள்ளில் ஏறக்குறைய 40 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 180 மில்லி குவார்ட்டரில், 42.8 சதம் என்ற கணக்கில், 60 கிராம். டாக்டர் "எவ்வளவு குடிப்பீர்கள்" என்று கேட்டால் "கொஞ்சம்" என்று சொல்லாமல் குவார்ட்டர், லிட்டர் கணக்கில் சொல்லுங்கள். மருந்தின் அளவை அதை வைத்துத்தான் போடுவார்.

தினமும் நிறையக் குடிப்பவர் மாலை போட்டோ, பிள்ளை மேல் சத்தியம் செய்தோ ஒரே நாளில் நிறுத்துவதை வீட்டில் கொண்டாடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல் வரும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்கு நினைவு குழம்பும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார். பேய் பிடித்ததாக நினைத்துக் கோயிலுக்குத் தூக்கிப் போவது இந்த நேரத்தில்தான். இது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. உடனே கேஷுவாலிட்டிக்குப் போக வேண்டும். அங்கே இன்னொன்றையும் மறக்காமல் சொல்லுங்கள்: "இவர் தினமும் குடிப்பவர்." குளுக்கோஸ் டிரிப் ஏற்றுவதற்கு முன் தயமின், அதாவது வைட்டமின் பி1 ஊசி போட வேண்டியிருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம்.

கேரள எக்சைஸ் துறையின் 'விமுக்தி' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாகக் குடி, போதை மீட்பு மையங்கள் இருக்கின்றன. ஆலோசனை எண் 14405. பாலக்காட்டு மாவட்டத்துக்கு அட்டப்பாடி கோட்டத்தறை அரசு ஆஸ்பத்திரி, திருவனந்தபுரம் மாவட்டத்தில் பாறசாலைப் பக்கத்துத் தமிழர்களுக்கு நெய்யாற்றின்கரை. கோட்டத்தறைக்கு மண்ணார்க்காடு வழியாகப் போனால் சுரம் ஏற வேண்டும். நடுக்கமும் வாந்தியுமாக இருப்பவரைக் கோயம்புத்தூர், ஆனைகட்டி வழியாகக் கூட்டிப்போவது எளிது. சேர்த்த பிறகு செய்யும் பெரிய தவறு, ஐந்தாறு நாளில் நடுக்கம் நின்றதும் "சரியாகிவிட்டார்" என்று வீட்டுக்கு அழைத்து வருவது. அந்த ஐந்தாறு நாளில் முடிவது உடம்பின் விலகல் மட்டும். சம்பள நாள், கல்யாண வீடு, தனியாகப் படுக்கும் கம்பெனி ரூம் ஆகியவற்றை எப்படிக் கடப்பது என்ற வேலை அதன் பிறகுதான் ஆரம்பம்.

"குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கலாம்" என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் பொடியைப் பற்றிக் கடுமையாகத்தான் சொல்ல வேண்டும். அதில் குடியை நிறுத்த டாக்டர்கள் எழுதித்தரும் டைசல்ஃபிராம் கலந்திருந்தால், அதன் மேல் குடிக்கும்போது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து ஆள் சாகவும் கூடும். நல்ல மருந்துதான், ஆனால் சாப்பிடுபவருக்குத் தெரிந்து, சம்மதித்து, கடைசிக் குடிக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம் கழித்து, டாக்டர் சொல்லித் தொடங்க வேண்டியது. மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரை அதன் வேலை நீடிக்கலாம். இங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது: கேரளத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் அரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்து. நொதித்துத் தயாராவதால் அதிலும் ஆல்கஹால் உண்டு. டைசல்ஃபிராம் சாப்பிடுபவர் தசமூலாரிஷ்டம் குடித்தாலும் பிரச்சினைதான்.

ஆள் வர மறுக்கிறார் என்று இரவில் வேன் வைத்துத் தூக்கிப்போகும் 'மறுவாழ்வு இல்லங்கள்' இரண்டு மாநிலத்திலும் உண்டு. மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் எந்த வடிவிலும் அனுமதிப்பதில்லை. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்ததை நம் தலைமுறை மறந்திருக்காது. சோட்டாணிக்கரைக் கோயிலுக்கோ குணசீலம் கோயிலுக்கோ போவதை யாரும் தடுக்கவில்லை; மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், அவ்வளவுதான்.

லாட்டரியைப் போதை என்று யாரும் சேர்ப்பதில்லை. தமிழ்நாட்டில் 2003-லேயே தடையான சீட்டு இங்கே அரசே விற்பது. எல்லை தாண்டியதும் முதலில் கண்ணில் படுவது அந்தக் கடைதான். விட்ட பணத்தைப் பிடிக்க மறுபடி வாங்குவது, வீட்டில் மறைப்பது, கந்துவட்டி வாங்குவது என்று வந்துவிட்டால் குடிக்குப் போகும் அதே மருத்துவரிடம் இதையும் சொல்லலாம். மாத்திரையை விடப் பேச்சு வழிச் சிகிச்சைதான் இதற்கு அதிகம் உதவும். சம்பளம் வரும் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் கொஞ்ச காலம் வேறொருவர் கையில் கொடுத்துவைப்பது அதன் பகுதி.

கணவன் மனைவி விஷயத்தில் அடி உதை இருந்தால் இருவரையும் ஒன்றாக உட்கார வைக்கும் கவுன்சலிங்குக்கு ஒத்துக்கொள்ளக் கூடாது. அறையில் சொன்ன உண்மைக்கு வீட்டில் போய் அடி விழும். பெண்களுக்கு உதவி எண் 181. கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற அரசின் பெண்கள் குழுத் திட்டத்தின் 'ஸ்நேகிதா' மையம் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது, தற்காலிகமாகத் தங்கவும் இடம் தருவார்கள். பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்குக் கட்டிக்கொடுத்த பெண் தாய்வீட்டுக்கு வந்துவிட்டால் வழக்குக்காகக் கேரளத்துக்கே அலைய வேண்டுமா? வேண்டாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, அவர் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனு கொடுக்கலாம்.

யாராவது பூச்சிமருந்து குடித்துவிட்டால், கேஸ் ஆகிவிடும் என்று "மாறிக் குடித்துவிட்டார்", "ஃபுட் பாய்சன்" என்று ஆஸ்பத்திரியில் பொய் சொல்வது இன்னும் நடக்கிறது. மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு அப்படிச் செய்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டமான நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு இல்லை. டப்பாவையோ லேபிளையோ கையோடு கொண்டுபோங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் சரியான சிகிச்சை கொடுக்க முடியும்.

ஆந்திர எல்லையில், நகரி, புத்தூர், இன்னொரு சித்தூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் 14416 அதேதான். அவர்கள் பெரும்பாலும் போவது வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையத்துக்கு. அங்கே சேர்த்தால் குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்க வேண்டும். வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கடைசியாக மாத்திரை. மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல் மட்டும் தெரியும், பலன் தெரியாது. பத்தாம் நாள் தூக்கிப் போடுகிறவர்கள் அதிகம். சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது எண்ணி எடுத்துப் போங்கள். அல்பிரசோலம், டயசிபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்1 பட்டியலில் இருப்பதால் பழைய சீட்டைக் காட்டினால் அந்தப் பக்க மெடிக்கல் ஷாப்பில் தர மறுக்கலாம். சீட்டுகளையும் ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் ஒரே ஃபைலில் வையுங்கள். கோயம்புத்தூர் டாக்டரிடமும் பாலக்காட்டு டாக்டரிடமும் ஒரே ஃபைலைக் காட்டாததால் ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரட்டிப்பாவது உண்டு. மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் சாப்பிடுபவர் பாலக்காட்டு மார்ச், ஏப்ரல் வெயிலில் வெளி வேலை செய்தால் தண்ணீரும் உப்பும் குறையவிடக் கூடாது. உடம்பு வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். வலிக்கு ஐபுபுரோஃபென் கேட்காமல் போடுவதும் அதையே செய்யும். கை நடுக்கம் கூடி, வாந்தி, பேதி, தள்ளாட்டம் வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாதாரணமாக அளவு பார்க்கப் போகும்போது, கடைசி மாத்திரைக்குப் பின் 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போனால் வரும் எண் தப்பாக இருக்கும்.